பீப்பாய்க்குள் கிடந்த சாவி

'லோகோ பின்ன ருசி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ருசியைப் பற்றிய எந்த வாக்குவாதமும் அதோடு அடங்கிவிடும். ஒருவருக்குப் பாகற்காய் அமிர்தம், இன்னொருவருக்கு விஷம். இதில் யார் சரி, யார் தப்பு என்று கேட்பதே அசட்டுத்தனம் என்பது நம் பொதுப்புத்தி. இதற்குப் பின்னால் ஒரு தத்துவ நிலைப்பாடு ஒளிந்திருக்கிறது. இனிப்பும் கசப்பும் நாக்கில்தான் இருக்கின்றன, பொருளில் இல்லை. ஆகவே 'இது நன்றாக இருக்கிறது' என்பதும் 'இது எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதும் ஒன்றேதான் என்கிறது அது. அந்த நிலைப்பாடு தவறு என்று நினைக்கிறேன். அதைக் காட்டுவதற்கு வேண்டுமென்றே கடினமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்த சிங்கிள் மால்ட் விஸ்கி. விலை, நிறம், விளம்பரம், பெருமை, போதை என்று தீர்ப்பைக் கலங்கடிக்கக்கூடிய எல்லாமே இதைச் சுற்றி மொய்க்கின்றன. இங்கே ஒரு தீர்ப்பு நிற்க முடியுமானால் மற்ற இடங்களிலும் நிற்கும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் இவற்றை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்புக் கலன்களில் வடித்தது சிங்கிள் மால்ட். வடித்து இறக்கும்போது அது தண்ணீர் போல நிறமற்று இருக்கும். 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி, 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே அது கிடந்தாக வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்கான கருக்கிய சர்க்கரைச் சாயத்தையும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. ஷெர்ரி என்பது தென் ஸ்பெயினில் ஹெரேஸ் நகரைச் சுற்றியுள்ள வட்டாரத்தின் ஒயின், திராட்சையிலிருந்து வடித்த சாராயம் சேர்த்து வலுவேற்றியது. ஒரு காலத்தில் அது பீப்பாயோடு கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தது. காலிப் பீப்பாய்கள் மலிவாகக் கிடைத்ததால் சிக்கனக்கார ஸ்காட்லாந்து வடிசாலைகள் அவற்றை வாங்கி விஸ்கியை நிரப்பின. கலை நோக்கம் எதுவும் அதில் இல்லை. 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைத்தாக வேண்டும் என்று ஆனதும் அந்த வரத்து நின்றுபோனது. இன்று பெரும்பாலும் விஸ்கிக்கென்றே பீப்பாய் செய்து, புது தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவது போல, ஓராண்டு ஈராண்டு ஷெர்ரியை ஊற்றிப் பழக்கி அனுப்புகிறார்கள். ஆக, கிண்ணத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்: பார்லியிலிருந்து வந்த சாராயம், மரம், அந்த மரத்தில் முன்பு குடியிருந்த ஒயின். இந்த மூவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படுவார்கள்.

இதைச் சுவைப்பது எப்படி நடக்கிறது? துலிப் பூ வடிவக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். மூக்கை நேராக உள்ளே நுழைத்தால் நெடி சுரீரென்று ஏறி, சற்று நேரத்துக்கு வேறெதுவும் தெரியாமல் போய்விடும். வாயை லேசாகத் திறந்தபடி, விளிம்புக்கு அருகில், அவசரமில்லாமல் முகர வேண்டும். முதலில் வருவது உலர் திராட்சையும் பேரீச்சையும். இரண்டு மூன்று நிமிடம் விட்டால் ஆரஞ்சுத் தோலும் வால்நட் பருப்பும். அதற்கும் அடியில், தேடினால்தான் அகப்படும் ஒன்று இருக்கிறது: ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும் எழும் அந்த மாவு மணம். அதுதான் முளைகட்டிய பார்லி. வாயில் வைத்தால் இனிப்பும் காரமும் ஒன்றாக வந்து, விழுங்கியபின் கொட்டைப்பாக்கு மென்றது போன்ற துவர்ப்பு நிற்கும். அது ஓக் மரத்தின் டானின். நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டால் எல்லாம் இடம் மாறும். இது குடிப்பவர்களின் கற்பனை அல்ல. ஆல்கஹாலின் செறிவு குறையும்போது, விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவயகோல் போன்ற மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ஃப்ரீட்மேனும் 2017-இல் கணினிக் கணக்கீடுகள் மூலம் காட்டினார்கள். நாக்கு உணரும் மாற்றம் கிண்ணத்தில் நடந்த மாற்றம்.

ருசியில் சரி தப்பு உண்டா என்ற கேள்விக்கு மிகப் புகழ்பெற்ற விடையும் ஒரு பீப்பாயிலிருந்துதான் வந்தது. எடின்பரோக்காரரான டேவிட் ஹியூம் 1757-இல் வெளியிட்ட ருசியின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், செர்வாண்டிஸின் டான் குயிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோ பான்சாவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாக இரும்பு வாடை என்கிறார் ஒருவர். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் மற்றவர். சுற்றியிருந்தவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். பிறகு பீப்பாய் காலியாகும்போது அடியில் கிடக்கிறது தோல்வாரில் கட்டிய ஒரு பழைய சாவி. நுட்பமான ருசி என்பது பொருளில் உண்மையாகவே இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிப்பது என்பதற்கு இதை ஹியூம் சாட்சியாக்குகிறார். நல்ல தீர்ப்பாளர் யார் என்பதையும் சொல்கிறார்: தெளிந்த அறிவு, நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம், முற்சாய்வு இல்லாமை, இவை கூடியவர்.

அழகான கதைதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சாவி எதை நிரூபித்தது? இரும்பும் தோலும் இருந்தன என்பதை. உறவினர் இருவரும் சொன்ன முதல் வார்த்தை, 'நல்ல ஒயின்' என்பது. அதை நிரூபிக்க எந்தச் சாவியும் பீப்பாயின் அடியில் கிடக்கவில்லை. என்ன இருக்கிறது என்பது வேறு, அது நன்றாக இருக்கிறதா என்பது வேறு. முதல் கேள்விக்குக் கிடைத்த சாட்சியத்தை இரண்டாவதன் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைக்கு ஷெர்ரி பீப்பாய் விஸ்கியை முகரும் பலர் 'தோல் மணம்' என்றே சொல்கிறார்கள். பீப்பாயைக் கவிழ்த்து எத்தனை முறை தட்டினாலும் தோல்வார் ஒன்றும் விழப்போவதில்லை. அப்படியென்றால் அந்தப் பேச்செல்லாம் வெறும் உவமை விளையாட்டா?

இந்த இரண்டாவது சிக்கலை எளிதில் அவிழ்க்கலாம். ஓக் மரத்திலிருந்து விஸ்கிக்குள் இறங்கும் யூஜினால், நம் அடுக்களைக் கிராம்பின் மணத்துக்குக் காரணமான அதே யூஜினால். மரத்தைத் தீயில் வாட்டும்போது அதன் லிக்னின் உடைந்து வெளிப்படும் வனிலின், வனிலாக் காயில் இருக்கும் அதே வனிலின். எனக்கு மிகவும் வியப்பளிப்பது சோட்டோலோன் என்ற மூலக்கூறு. முதிர்ந்த ஷெர்ரியின் மணத்துக்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று; வெந்தயத்தின் மணமும் அதனால்தான். ஷெர்ரியை முகர்ந்து 'வறுத்த வெந்தயம்' என்று ஒரு தமிழ் மூக்கு சொன்னால் அது கவிதை பாடவில்லை, தகவல் சொல்கிறது. ஐரோப்பியச் சுவைப்புக் குறிப்புகளில் பெரும்பாலும் இடம்பெறாத அந்தச் சொல், அவற்றில் அடிக்கடி வரும் 'தோல்' என்பதைவிடத் துல்லியமானது. தோல், பழைய மரச்சாமான், மெழுகு போன்றவை தோராயமான சொற்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். தோராயம் என்றாலும் பொய் அல்ல; அடையாளம் சொல்லித் தெருவைக் காட்டுவது போல அவை ஒரு திசையைக் காட்டுகின்றன. ஆகவே 'என்ன இருக்கிறது' என்ற கேள்வியில் ருசி உலகத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

'நன்றாக இருக்கிறதா' என்ற கேள்விதான் கடினம். அதற்கு மேன்மையிலிருந்து தொடங்காமல் குறையிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். ஒயின் பீப்பாய் காலியாகக் கிடக்கும்போது கெட்டுப்போகாமலிருக்க உள்ளே கந்தகத் திரியைக் கொளுத்துவது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். அதன் மிச்சம் விஸ்கியில் இறங்கினால், தீக்குச்சி அணைந்த வாடை, ரப்பர் வாடை, மோசமானால் பட்டாசு வெடித்து ஓய்ந்த தெருவின் வாடை. ஷெர்ரி பீப்பாய் விஸ்கிகளைப் பற்றி மதிப்பீட்டாளர்கள் அதிகம் சண்டையிடுவதும் இதைப் பற்றித்தான். கவனியுங்கள்: 'எனக்கு இது உறுத்தவில்லை' என்று ஒருவர் சொன்னால் அவரை யாரும் மறுக்க முடியாது. 'இதில் கந்தகம் இல்லை' என்று சொன்னால் அவர் தவறாக இருக்கக்கூடும். 'கந்தகம் இருக்கிறது, ஆனால் அது குறையில்லை' என்று சொன்னால் அவர் ஒரு காரணம் தர வேண்டியவராகிறார். அந்தக் காரணம் இருக்கவும் கூடும். சில வடிசாலைகளின் சாராயத்திலேயே சிறிது கந்தகக் கூறு உண்டு; இறைச்சிச் சாறு போன்ற கனத்தை அது தருகிறது, அதைக் குறையென்று யாரும் தள்ளுவதில்லை. அப்படியானால் குறை என்பது ஒரு பொருள் இருப்பதிலோ இல்லாததிலோ இல்லை. அது மற்றவற்றை மறைக்கிறதா, தாங்குகிறதா என்பதில் இருக்கிறது. குறை ஓர் உறவு. நிறையும் அப்படித்தான்.

இங்கேதான் அந்த மூவர் திரும்பி வருகிறார்கள். ஷெர்ரி பீப்பாய் விஸ்கி நன்றாக இருக்கிறது என்றால் என்ன பொருள்? ஒயினின் இனிப்பும் மரத்தின் துவர்ப்பும் சாராயத்தை மூழ்கடிக்காமல், சாராயம் அவற்றை எரித்துவிடாமல், மூன்றும் தனித்தனியே தெரிந்தும் சேர்ந்தே நடக்க வேண்டும். கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் எவ்வளவு திறமையாக வாசித்தாலும், பாடகரின் குரல் காதில் விழவில்லையென்றால் அது கெட்ட கச்சேரி. திராட்சைப் பாகு போலக் கறுத்துத் தடித்து, முதல் வாயில் மலைக்கவைக்கும் விஸ்கிகள் பல உண்டு. அந்த ஹார்லிக்ஸ் மணத்தை அவற்றில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. இன்று சந்தையில் அதிகம் கொண்டாடப்படுபவை இவைதான். இது ஒரு சீரழிவு என்றே சொல்வேன். பார்லியை விளைவித்து, முளைகட்டி, புளிக்கவைத்து, இருமுறை வடித்து, அத்தனை ஆண்டு காத்திருந்து, கடைசியில் ஷெர்ரி மட்டுமே தெரியும் ஒன்றைத் தருவதற்குப் பதில் ஷெர்ரியையே நேராகக் குடிக்கலாம். இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான உறவு கிண்ணத்தில் இருக்கிறது. மூலக்கூறாகப் பிரித்தெடுத்து மேசையில் வைக்க முடியாது, ஆனால் இன்னொருவருக்குச் சுட்டிக் காட்டலாம். ராகத்தில் பிழையைச் சுட்டிக் காட்டுவதும் இப்படித்தானே.

இம்மானுவேல் காண்ட் இதற்கு உடன்படமாட்டார். 1790-இல் வெளியான தன் நூலில், கனேரித் தீவு ஒயின் இனிது என்று ஒருவர் சொன்னால், 'எனக்கு இனிது' என்று சொல்லும்படி இன்னொருவர் அவரைத் திருத்தலாம், அவரும் ஏற்றுக்கொள்வார் என்று எழுதுகிறார். அழகானது என்று சொல்லும்போதுதான் மற்றவர்களின் இசைவையும் நாம் கோருகிறோம்; நாக்கும் மூக்கும் தருவது வெறும் இன்பம், அதில் வழக்கு இல்லை என்பது அவர் கட்சி. (கனேரி ஒயினும் ஷெர்ரியும் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் 'சாக்' என்ற ஒரே பெயரால் வழங்கியவை, ஆக நம் பொருளுக்கு நெருங்கிய உறவைத்தான் காண்ட் கூண்டில் ஏற்றியிருக்கிறார்.) அவர் மனத்தில் இருந்தது, நாக்கில் பட்டவுடன் எழும் ஓர் இன்பம், அதற்கு அமைப்பு இல்லை, முன்பின் இல்லை. வெல்லத்துண்டைப் பற்றி அது உண்மையாக இருக்கலாம். ஆனால் முகர்வில் ஒன்று, வாயில் ஒன்று, விழுங்கியபின் ஒன்று, தண்ணீர் விட்டபின் வேறொன்று என்று நேரத்தில் விரியும் பொருளுக்கு அமைப்பு இருக்கிறது. அமைப்பு இருக்கும் இடத்தில் பொருத்தம், பொருத்தமின்மை என்ற பேச்சும் நியாயமாகவே எழுகிறது.

எதிர்ப்புகளில் வலுவானது பிரான்சிலிருந்து வந்தது. மோரோ, ப்ரோஷே, துபூர்டியூ ஆகிய மூவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், போர்தோ நகரில் ஒயினியல் படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினையே மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். பயின்றவர்களின் மூக்கே கண்ணுக்கு அடிமை என்றால் தீர்ப்புக்கு என்ன மதிப்பு? ஷெர்ரி பீப்பாய் விஸ்கிக்கு இது நேராகவே பொருந்தும். கருமையான நிறம் முதிர்ச்சியின் அடையாளம் என்று வாங்குபவர் நம்புகிறார், அந்த நிறத்தைச் சாயத்தால் கூட்டுவதைச் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் இந்த ஆய்வு எதைக் காட்டுகிறது? அவர்கள் ஏமாந்தார்கள் என்பதை. உண்மை என்று ஒன்று இல்லாத இடத்தில் ஏமாறுவது எப்படி? கிண்ணத்தில் இருந்தது வெள்ளை ஒயின் என்ற உண்மையை வைத்துத்தான் அந்த 54 பேரும் தவறினார்கள் என்கிறோம். ஆய்வு நொறுக்குவது நிறம் பார்த்துச் சொன்ன தீர்ப்பை. நிறத்தை மறைத்துச் சொல்லும் தீர்ப்பை அல்ல. நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் முகர்வதும், மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒன்றையே ஊற்றி 'வேறுபட்டது எது' என்று கேட்பதும் அதற்காக வந்த முறைகள்தான். நல்ல தீர்ப்பாளர் யார் என்பதை யார் தீர்ப்பது என்று ஹியூமைப் பார்த்துக் கேட்பவர்களுக்கும் இதில் ஒரு பாதி விடை உண்டு. மூன்று கிண்ணச் சோதனையில் மீண்டும் மீண்டும் சரியாகச் சொல்பவருக்கு நுண்ணுணர்வு இருக்கிறது. அதற்கு யாருடைய சான்றிதழும் வேண்டாம்.

மூக்குக்கு மூக்கு வித்தியாசம் உண்டே என்பது அடுத்த எதிர்ப்பு. உண்டுதான். கந்தகம் சிலருக்கு உடனே தெரிகிறது, சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் தெரிவதில்லை. நிறக்குருடு உள்ளவரால் சிவப்பு இல்லாமல் போய்விடுவதில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அது போதாது. சிவப்பு தெரியாதவர் ஒன்றை இழக்கிறார், கந்தகம் தெரியாதவரோ ஒரு தொல்லையிலிருந்து தப்புகிறார். அவருக்கு அந்த விஸ்கி நல்ல விஸ்கிதானே? இந்த இடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் உரைமரபு எனக்குக் கைகொடுக்கிறது. சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அது பொறியோடு கூடும்போது பிறக்கும் சுவை இன்னொன்று. அதன்பின் மனத்தில் எழும் குறிப்பு மூன்றாவது. உடலில் வெளிப்படும் விறல் நான்காவது என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் பிரிக்கிறார். நாடகச் சுவைகளை விளக்கச் செய்த பிரிவு அது. ஆனால் நம் குழப்பத்துக்கும் அதுவே மருந்து. சுவை வேம்பில் மட்டும் இல்லை, நாவில் மட்டும் இல்லை, இரண்டும் கூடும் இடத்தில் பிறக்கிறது. பிடிப்பதும் பிடிக்காததும் அதற்கும் அப்பால் வரும் குறிப்பு. 'லோகோ பின்ன ருசி' என்பவர் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார். கந்தகம் உணராதவரின் மகிழ்ச்சியில் பொய் இல்லை. அது அவர் குறிப்பு. ஆனால் பொருளைப் பற்றி அவர் அறிந்தது குறைவு, ஆகவே அதைப் பற்றிய அவர் சாட்சியமும் குறைவு. கூட்டம் சேர்த்துக் கணக்கெடுப்பதால் இந்தக் குறை தீராது.

இதே காரணத்தால் 100-க்கு 87, 100-க்கு 91 என்று போடும் மதிப்பெண்களையும் நான் ஏற்கவில்லை. உறவைப் பற்றிய தீர்ப்பை எண்ணாக மாற்றியவுடன் சுட்டிக் காட்டும் விரல் மறைந்துவிடுகிறது. விலையும் அளவுகோல் ஆகாது. 1926-இல் வடித்து, ஷெர்ரி பீப்பாயில் 60 ஆண்டு கிடந்து, 1986-இல் வெறும் 40 புட்டிகளாக வந்த மெக்காலன் விஸ்கியில் ஒரு புட்டி 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 22 லட்சம் பவுண்டுக்குப் போனது. விலை பேசியது புட்டியின் அருமையை வைத்து. உள்ளே இருப்பதன் ருசியை வைத்து அல்ல.

கடைசியாக ஓர் எதிர்ப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். குடி குடும்பங்களைக் கெடுத்துக்கொண்டிருக்கும் ஊரில், குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கும் மொழியில், சாராயத்தின் நுட்பம் பேசுவது அறமா? குடி கெடுதி என்பதில் எனக்கு ஐயமில்லை, யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. வடிசாலைகளில் விஸ்கியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் மூக்கால்தான் வேலை செய்கிறார்கள்; தண்ணீர் கலந்து, முகர்ந்து, வைத்துவிடுகிறார்கள். போதைக்குக் குடிப்பவருக்கோ கந்தகமும் ஒன்று, கிராம்பும் ஒன்று. மதிப்பிடுதல் கேட்பது நிதானத்தை. போதை முதலில் கொண்டுபோவதும் அதைத்தான். ஒரு வாய்க்கு மேல் போகப் போகத் தீர்ப்பின் தரம் இறங்குகிறது என்பதே இவை இரண்டும் எதிரெதிர் என்பதற்குச் சான்று. என் வாதம் முழுவதையும் குடிக்காதவர் காப்பியை வைத்தோ, நல்லெண்ணெயை வைத்தோ, மாம்பழத்தை வைத்தோ சோதித்துப் பார்க்கலாம்.

அளவுகோல் பேசியவன் ஒரு தீர்ப்பாவது சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்தில், பென் ரினஸ் மலையடிவாரத்தில், 1865 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கிளென்ஃபார்க்ளஸ் வடிசாலையின் 15 ஆண்டு விஸ்கியை எடுத்துக்கொள்கிறேன். 46 சதவீதம், சாயம் சேர்ப்பதில்லை, கலனுக்கு அடியில் நேராகத் தீ எரித்து வடிப்பதால் சாராயம் கனமானது, ஷெர்ரி பீப்பாயைத் தாங்கும் தோள் அதற்கு உண்டு. உலர் திராட்சைக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் அடியில் பார்லி கடைசிவரை கேட்கிறது. முடிவில் மரத்தின் துவர்ப்பு ஒரு கணம் தூக்கலாக நிற்கிறது, அது குறைதான், சிறிய குறை. நல்ல விஸ்கி. தவறு என்று நினைப்பவர், தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், கிண்ணத்தில் எந்த இடத்தில் நான் தவறினேன் என்று காட்டட்டும், திருத்திக்கொள்கிறேன்.